வெள்ளம் ஏறிய காரும் ஓராண்டு உத்தரவாதமும்: ஒரு பழைய கார் கடையைப் பற்றிய மதிப்பீடு

செபராங் பிறையில் உள்ள பழைய கார் கடை ஒன்றில், 2018ஆம் ஆண்டு பதிவான உள்நாட்டுத் தயாரிப்புச் செடான் ஒன்றை 28,800 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். காரைவிட, அதனுடன் கடை வழங்கிய ஓராண்டு உத்தரவாதத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பினாங்கிலும் பெருநிலத்திலும் பழைய கார் வாங்கும் நம்மவர்கள் பலர், விலையும் மாதத் தவணையும் ஒத்து வந்தால் போதும் என்று அந்த உத்தரவாதத் தாளைப் படிக்காமலேயே கையெழுத்திடுகிறார்கள். கடைக்காரரும் அதை நிதானமாகப் படிக்கச் சொல்வதில்லை. கடைக்கும் எனக்கும் இடையில் எழுந்த பிணக்கு சமரசத்தில் முடிந்துவிட்டபடியால் கடையின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. காரைத் தயாரித்த நிறுவனத்துக்கு இந்தக் கோளாறில் எந்தப் பங்கும் இல்லை என்பதால் அதன் பெயரும் இங்கே வேண்டியதில்லை.

முதலில் கடைக்குச் சேர வேண்டிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். வங்கிக் கடன், புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் சோதனை, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றம், காப்புறுதி, சாலை வரி ஆகிய அனைத்தையும் அவர்களே முடித்துத் தந்தார்கள். மறைமுகக் கட்டணம் என்று எதுவும் பின்னால் முளைக்கவில்லை. ஓடிய கிலோமீட்டர் கணக்கும் சர்வீஸ் புத்தகத்தோடு பொருந்தியிருந்தது. விற்பனைக்கு நின்ற தம்பி மரியாதையாகப் பேசினார், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைத் தாளிலும், அவர் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிய விளம்பரத்திலும் ‘விபத்து இல்லை, வெள்ளம் ஏறவில்லை, ஓராண்டு வாரண்டி’ என்று மூன்று உறுதிகள் ஒரே வரிசையில் இருந்தன. மூன்றாவதை மட்டுமே உத்தரவாதம் என்று நினைத்துக்கொள்வது வழக்கம். பின்னால் எனக்குக் கைகொடுத்தது இரண்டாவது.

உத்தரவாதத் தாள் இரண்டு பக்கம். எஞ்சின், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் உள்ளே எண்ணெயில் இயங்கும் பாகங்களுக்கு மட்டும் அது பொருந்தும். மின்கம்பி அமைப்பு, உணரிகள், ஏர்கான், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பிரேக் ஆகிய யாவும் விலக்கப்பட்டிருந்தன. குறித்த கிலோமீட்டருக்கு ஒருமுறை கடையின் பட்டியலில் உள்ள பட்டறையிலேயே சர்வீஸ் செய்ய வேண்டும். அனுமதி பெறாமல் வேறு இடத்தில் பழுது பார்த்தால் உத்தரவாதம் செல்லாது. இதில் அநியாயம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஏழெட்டு ஆண்டு ஓடிய காரின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சிறு வியாபாரி பொறுப்பேற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியாகாது. ஆனால் இன்றைய கார்களில் பெரும் செலவு வைக்கும் கோளாறுகளில் பல, எண்ணெய் படாத இடங்களில்தான் வருகின்றன. அந்த வகையில் இந்தத் தாள், கார் பெரும்பாலும் இரும்பாலும் எண்ணெயாலும் ஓடிய காலத்துக்கு எழுதப்பட்டதாகவே தோன்றுகிறது.

தாளுக்குள் அடங்கிய கோளாறு ஒன்று வந்தபோது கடை சொன்னபடி நடந்துகொண்டது. கியர்பாக்ஸின் ஓர் எண்ணெய்ச் சீல் கசிந்தது. பட்டறைக்கு ஓட்டிச் சென்றேன், மாற்றிக் கொடுத்தார்கள், ஒரு காசு கேட்கவில்லை.

பெரிய கோளாறு பினாங்குப் பாலத்தின் மேல் வெளிப்பட்டது. முதல்நாள் இரவு நல்ல மழை. தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த கணம் ஸ்டியரிங் கெட்டியாகிவிட்டது. அந்தக் காரில் இருப்பது மின்சார பவர் ஸ்டியரிங். எண்ணெய்ப் பம்புக்குப் பதிலாக ஒரு மோட்டார் திருப்புவதற்குத் துணைசெய்கிறது. அதற்குப் போகும் மின்னழுத்தம் குறைந்தாலோ உணரி தரும் தகவல் குழம்பினாலோ, கட்டுப்பாட்டுப் பெட்டி பாதுகாப்புக்காக மோட்டாரை நிறுத்திவிடும். ஸ்டியரிங் அப்போதும் திரும்பும், ஆனால் தோள் வலிக்கத் திருப்ப வேண்டும். காரை நிறுத்தி மறுபடி முடுக்கினால் விளக்கு அணைந்து எல்லாம் இயல்பாகிவிடும். ஈரமான காலை வேளைகளில் இது திரும்பத் திரும்ப நடந்தது. வெயில் ஏறியபின் பெரும்பாலும் வரவில்லை.

கடையின் பட்டறையில் ஸ்கேனரை மாட்டி, பதிவாகியிருந்த கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு, “எல்லாம் சரியாயிருச்சு” என்று அனுப்பிவைத்தார்கள். குறியீட்டை அழிப்பது பழுது பார்ப்பது ஆகாது. மீண்டும் வந்தபோது கடைத் தம்பி, “எஞ்சினும் கியர்பாக்ஸும் நல்லாத்தானே இருக்கு அண்ணே, வயரிங்கெல்லாம் நம்ம வாரண்டியில வராது” என்றார். தாளின்படி அவர் சொன்னது முற்றிலும் சரி. அதனால்தான் நான் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, கோளாறின் காரணத்தை எழுத்தில் பெறுவதற்கு வேறு ஒருவரிடம் போனேன்.

ஜெலுத்தோங் பக்கம் கார் மின்வேலை மட்டுமே செய்யும் வயர்மேன் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர், குறைவாகப் பேசுபவர். ஸ்கேனரை அவர் கடைசியில்தான் எடுத்தார். முதலில் ஓட்டுநர் இருக்கையின் பாதுகாப்பு வாரை அதன் சுருளிலிருந்து முழுவதும் இழுத்தார். அன்றாடம் வெளியே வராத கடைசிப் பகுதியில், குறுக்காக ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. பக்கத்து இருக்கையின் வாரிலும் அதே உயரத்தில் அதே கோடு. பிறகு முன்னிருக்கைகள் இரண்டையும் கழற்றி, தரைவிரிப்பைத் தூக்கினார். விரிப்பு புதிது, அதன் அடியில் இருந்த பஞ்சு புதிதல்ல. இருக்கைத் தண்டவாளங்களின் அடிப்பக்கம் இரண்டு புறமும் ஒரே மாதிரி துருப்பிடித்திருந்தது. கதவோரப் பிளாஸ்டிக் மூடியை எடுத்தபோது மின்கம்பிக் கற்றையின் மடிப்புகளுக்குள் மாவுபோல நுண்ணிய சேறு உலர்ந்து ஒட்டியிருந்தது. ஸ்டியரிங் அமைப்புக்குப் போகும் தரையிணைப்பு முனையில் பச்சை பூத்திருந்தது. அந்தப் பச்சையைச் சுரண்டிவிட்டால் போதாதா என்று கேட்டேன். அவர் கம்பியின் மேலுறையைச் சற்று உரித்துக் காட்டினார். ஈரம் உறைக்குள் ஏறி, செம்பு இழைகள் உள்ளேயே கறுத்திருந்தன. வெள்ள நீர் முனையோடு நிற்பதில்லை, இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே மேலேறுகிறது. கார் உலர்ந்து பளபளப்பாக விற்பனைக்கு வந்த பிறகும் அரிப்பு உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கிறது. கடையில் சோதனை ஓட்டம் ஓட்டியபோது ஒரு குறையும் தெரியாததற்கும், மழைக்குப் பிந்திய காலைகளில் மட்டும் கோளாறு தலைகாட்டியதற்கும் காரணம் இதுவே.

அதைவிடக் கவலை தந்த ஒன்றையும் அவர் கண்டுபிடித்தார். சாவியைத் திருப்பியவுடன் காற்றுப்பை விளக்கு சில விநாடிகள் எரிந்து பிறகு அணைய வேண்டும். அது தன்னைத்தானே சோதித்துக்கொள்வதன் அடையாளம். இந்தக் காரில் அந்த விளக்கு எரியவே இல்லை. இருக்கைக்கு அடியில் உள்ள மஞ்சள் நிற இணைப்பான்கள் அரித்துப்போய்க் கோளாறு காட்டியிருக்க வேண்டும். அதை மறைக்க யாரோ விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். இது கடையின் கைவரிசை என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு விற்றவரின் வேலையாகவும் இருக்கலாம். ஆனால் பழைய கார் பார்க்கப் போகும் எவரும் ஒரு காசு செலவின்றிச் செய்யக்கூடிய சோதனை இது. எரிந்து அணையாத விளக்கைப் போலவே எரியவே எரியாத விளக்கையும் சந்தேகிக்க வேண்டும்.

வயர்மேன் இவற்றைப் படங்களோடு ஓர் அறிக்கையாக எழுதித் தந்து, 250 ரிங்கிட் கட்டணம் வாங்கினார். அவருடைய வேலைக்கு என்னிடம் குறை ஒன்றே: முன்பதிவு என்பது அவரிடம் கிடையாது, காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

அறிக்கையைப் பார்த்த கடை முதலாளி, சளைக்காமல் ஒரு விளக்கம் தந்தார்: ஏர்கான் நீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் தரைவிரிப்பு நனையும், இது எல்லாக் கார்களிலும் நடப்பதுதான். அது உண்மை, நம் ஊர் வெப்பத்தில் மிகவும் சாதாரணமான பழுதுமாகும். ஆனால் நம் கார்களில் ஏர்கானின் குளிர்விப்பான் இடப்புறம், பயணியின் காலடிக்கு மேலே இருக்கிறது. குழாய் அடைத்தால் நனைவது அந்தப் பக்கம். அந்த நீர் தெளிந்த நீர். அதில் சேறு வராது. அது வலப்புறத் தண்டவாளத்தைத் துருப்பிடிக்கச் செய்யாது, இரண்டு வார்களிலும் ஒரே மட்டத்தில் கோடு போடாது, பின்பக்க உபரிச் சக்கரத்தின் குழிக்குள் மண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. தமக்குத் தெரியாது என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அப்படி நினைப்பதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் சாதாரண முழுமைக் காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. அதற்கெனச் சிறப்பு இடர்க் காப்பைக் கூடுதல் கட்டணம் செலுத்தி வாங்க வேண்டும். 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியபோதும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் உள்ளிட்ட கிள்ளான் பள்ளத்தாக்குப் பகுதிகள் மூழ்கியபோதும், அந்தக் கூடுதல் காப்பு இல்லாத உரிமையாளர்கள் பலர் தங்கள் கார்களைத் தாங்களே உலர்த்திக்கொள்ள நேர்ந்தது. இழப்பீடு கோரப்படாத இடத்தில் காப்புறுதிப் பதிவும் இருக்காது. ஆகவே காரின் இழப்பீட்டு வரலாற்றைத் தேடிப் பார்ப்பவருக்கு வெறும் தாள்தான் கிடைக்கும். என் காரின் பதிவெண் சிலாங்கூரைச் சேர்ந்தது என்பதை வைத்து நான் எதையும் நிறுவ முயலவில்லை. புஸ்பாகோம் சோதனையில் தேறியதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெயர் மாற்றத்துக்கான அந்தச் சோதனை, சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியின் பதிவுச் சான்றான கிரான்ட்டில் உள்ளவையா, வண்டி திருட்டு வண்டியா, வெட்டி ஒட்டிய வண்டியா என்பதை அறிவதற்கு உதவுகிறது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பது அதன் வேலை அல்ல.

இனி, தாளில் இல்லாத உத்தரவாதத்துக்கு வருகிறேன். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வியாபாரி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தை விற்பனையோடு சேர்த்தே தருகிறது. பொருளின் தன்மை, விலை, அதைப் பற்றி விற்பவர் சொன்ன சொற்கள் எல்லாம் அந்தத் தரத்தை முடிவு செய்வதில் கணக்கில் வரும். எட்டு ஆண்டுக் காரிடம் புதுக் காரின் தரத்தைக் கேட்க முடியாது. ஆனால் வெள்ளம் ஏறவில்லை என்று எழுத்தில் சொல்லி விற்ற காரில் வெள்ளத்தின் அரிப்பு இருக்கக் கூடாது என்று கேட்க முடியும். குறையை விற்பதற்கு முன்பே குறிப்பாக எடுத்துச் சொல்லியிருந்தால் அந்தக் குறைக்காகப் பின்னால் வழக்காட இயலாது. ‘இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது’ என்று பொதுவாக எழுதிவைப்பது குறிப்பாக எடுத்துச் சொல்வது ஆகாது. ஒப்பந்தத்தில் வேறு எதை எழுதியிருந்தாலும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பை அதனால் பறிக்க முடியாது என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. இவை யாவும் வியாபாரியிடம் வாங்கியவருக்கு உரியவை. தனி நபரிடம் சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர், அந்தச் சில ஆயிரத்துக்கு இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறார்.

விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், வயர்மேனின் அறிக்கை ஆகியவற்றை இணைத்துக் கடைக்கு எழுத்து மூலம் கடிதம் அனுப்பினேன். சரிசெய்து தருவதற்கு நியாயமான கால அவகாசமும் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதன் பிறகு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்தேன். உள்நாட்டு வாணிபம் மற்றும் வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்கும் அந்த மன்றத்தைப் பற்றியும் இங்கே மதிப்பிட வேண்டும், ஏனென்றால் கடையின் உத்தரவாதத்துக்கு உயிர் வந்தது அதன் பிறகுதான். கட்டணம் 5 ரிங்கிட். உரிமைகோரலின் உச்சவரம்பு முன்பு 25,000 ரிங்கிட்டாக இருந்து, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 50,000 ஆனது; அதனால் என் காரின் முழு விலையும் அதற்குள் அடங்கியது. கோரிக்கை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். வழக்கறிஞர்களுக்கு இடமில்லை, எதிர்த்தரப்பும் தானே வந்து பேச வேண்டும். மனுப் படிவம் கிடைத்த 14 நாள்களுக்குள் கடை தன் எதிர்வாதத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். மன்றத்தின் தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும். 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. பணியாளர்கள் பொறுமையாக விளக்கினார்கள். படிவத்தை மலாயில் நிரப்பத் தயங்குபவர்கள், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கிரீன்லேனில் உள்ள பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகியும் ஆலோசனை கேட்கலாம்.

இடையில் ஓர் எச்சரிக்கை. கார் ஓடாமல் நிற்கிறதே, தவணையை ஏன் கட்ட வேண்டும் என்று கோபத்தில் நிறுத்திவிடுபவர்களை நான் அறிவேன். வாடகைக் கொள்முதலில் வாங்கிய காரின் உரிமை, கடன் தீரும்வரை வங்கியிடம் இருக்கிறது; தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால் காரை இழுத்துச் செல்லும் நடவடிக்கைக்கு வங்கி வழிதேடலாம். கடைக்காரரோடு உள்ள வழக்கு அந்தக் கடனை நிறுத்திவைக்காது.

மன்றம் முதலில் இரு தரப்பையும் பேசி முடிக்கத் தூண்டுகிறது. காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்பது என் முதல் எண்ணம். ஆனால் கடனை முடித்து, பெயரை மாற்றி, காப்புறுதியைத் திருப்பும் வேலைகளை எண்ணிப் பார்த்தபோதும், நீர் இருக்கை மட்டத்தைத் தாண்டவில்லை, எஞ்சின் கணினி அதற்கும் மேலே நனையாமல் இருக்கிறது என்று வயர்மேன் உறுதியாகச் சொன்னபோதும், பழுது பார்ப்பதை ஏற்பதே உசிதம் என்று முடிவு செய்தேன். வேறொருவர் வேறு முடிவுக்கு வரலாம். சேறு டேஷ்போர்டு வரை ஏறியிருந்தால் நானும் வந்திருப்பேன். தரை மின்கம்பிக் கற்றை, ஸ்டியரிங் கட்டுப்பாட்டுப் பெட்டி, காற்றுப்பை இணைப்பான்கள், எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றை மாற்றும் செலவையும் வயர்மேனின் சோதனைக் கட்டணத்தையும் சேர்த்து 6,400 ரிங்கிட்டைக் கடை ஏற்றுக்கொண்டது. வேலையை என் வயர்மேனே செய்ய வேண்டும், அதைக் காரணம் காட்டி எஞ்சின், கியர்பாக்ஸ் உத்தரவாதத்தை ரத்து செய்யக் கூடாது என்ற இரண்டையும் நான் எழுத்தில் கேட்டுப் பெற்றேன். இப்படிச் செய்துகொள்ளும் சமரசத்தை மன்றம் பதிவு செய்தால் அதற்குத் தீர்ப்பின் வலு உண்டு. வெளியே கடை மேசையில் கைகுலுக்கி முடித்திருந்தால் அந்த வலு கிடைத்திருக்காது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்பவர்களுக்காக: விற்பனைச் சேவைக்கு நான்கு தருவேன், உத்தரவாதத் தாளுக்கு இரண்டு. அந்தத் தாளுக்காகவே இந்தக் கடையில் காரின் விலையைச் சில நூறு கூட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். பக்கத்துக் கடைகளில் ஏறத்தாழ இதே காருக்குக் குறைந்த விலையே கேட்டார்கள். கோளாறு வந்தபின் கடை நடந்துகொண்ட விதத்துக்கு, மன்றத்துக்கு முன் ஒன்று, மன்றத்துக்குப் பின் மூன்று. வயர்மேனுக்கு ஐந்து.

புதிய கற்றை மாட்டிய பிறகு ஒரு மழைக்காலத்தைக் கார் கடந்துவிட்டது. ஸ்டியரிங் விளக்கு திரும்ப எரியவில்லை, காற்றுப்பை விளக்கு எரிந்து அணைகிறது. இடப்புற முன்விளக்கின் உள்ளே பனிபோல் நீராவி படிவதை மட்டும் கடை கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அது வெள்ளத்தால் வந்ததா, ரப்பர் வளையம் தேய்ந்ததால் வந்ததா என்பதை வயர்மேனாலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாததால் நான் வற்புறுத்தவில்லை. பழைய உதிரிபாகக் கடையில் 180 ரிங்கிட்டுக்கு நல்ல விளக்கு கிடைத்தது. என் செலவிலேயே மாற்றிக்கொண்டேன்.